எல்ஃப் மாமா, குள்ளர் மாமா, கிராதிக்குள் பெரியம்மா

சார்பதிவாளர் விரல்ரேகைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கிராதியின் எந்தக் கம்பிக்கு நடுவே அதை உள்ளே விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கருவி சோப்புப் பெட்டி அளவுதான். கம்பிகள் அதைவிட நெருக்கம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்களோ என்ற பயத்தைவிட, வெளியே இருப்பவர்கள் மூக்கை நுழைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அடித்த கிராதி அது. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான், அம்மா, அதிகாரி, மடிக்கணினியோடு அவருடைய உதவியாளர். அந்தப் பக்கம் மரப் பெஞ்சில் என் பெரியம்மா, அவரருகே மடத்துத் தலைவி. அன்று மடத்தில் நற்கருணை அப்பம் சுடும் நாள் போலிருக்கிறது. கோதுமை மாவு லேசாகக் கருகும் வாசனை அறை முழுக்க இருந்தது.

"சார், வயர் எட்டல," என்றார் உதவியாளர்.

"மேல வழியா குடுத்துப் பாருங்க."

"மேல கூரை வரைக்கும் கம்பி சார்."

அம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் புடவை. கையெழுத்து வாங்கப் போவதற்கு எதற்குப் பட்டு என்று காலையில் கேட்டிருந்தேன். "என் பேருல ஒரு எடம் வரப்போவுது. சாயம் போனதக் கட்டிக்கிட்டா போறது?" என்றாள்.

விஷயம் இதுதான். குடமுருட்டிக் கரையில் அம்மா பிறந்த வீடும், அதை ஒட்டிப் பத்து மா நஞ்சையும் இருக்கின்றன. தாத்தா இறந்து எத்தனையோ மகசூல் ஆகிவிட்டது. பட்டாவில் மட்டும் அவர் இன்னும் சாகவில்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் சபைக்கும் மடத்துக்கும் போய்விட்டார்கள். மிஞ்சிய அம்மாதான் பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, கல்யாணமான பிறகும் அப்பாவை அங்கேயே கூட்டிவந்து, அந்த நிலத்தில் உழன்றவள்.

துறவறம் போனவர்கள் உலகத்துக்கு இறந்தவர்கள் என்று திருச்சபை சொல்லும். பதிவு அலுவலகத்தில் அதைச் சொன்னால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே உலகத்துக்கு இறந்த நான்கு பேரும் நேரில் வந்து, எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கொடுத்தாயிற்று. நான்காவது ஆள் கிராதிக்குள்.

என் பிழைப்பு

போன வாரம் இந்தத் தொடரில் என் மாமா ஒருவரை எல்ஃப் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அது என்ன கெட்ட வார்த்தையா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்றாமவர் ஒரு குருவானவர். அவர் கேட்கவில்லை, நேராகத் திட்டியிருக்கிறார். அவருக்காக இந்த விளக்கம்.

வெளிநாட்டு மாயாஜாலத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். ஒலிப்பதிவு சென்னையில், நான் தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில். அந்தத் தொடர்களில் மனிதர்கள் குறைச்சல். காட்டில் வாழும் உயரமான ஞானிகளான எல்ஃபுகள், மலைக்குள் குடியிருக்கும் தாடிக்காரக் குள்ளர்கள், புதையல் காக்கும் பூதங்கள், உருவமே இல்லாத ஏதோ ஒன்று என்று இனம் இனமாக வருவார்கள். ஒவ்வொரு இனமும் வேறு வேறு தமிழ் பேச வேண்டும்.

முதல் வேலை வந்தபோது, "எல்ஃப் தமிழ்ல எப்படி சார் பேசும்?" என்று தயாரிப்பாளர் கேட்டார். அந்த ஜீவனை நான் எங்கே கண்டேன்? கண்ணை மூடினேன். பெரிய மாமா பேசினார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிரமாதம் என்றார்கள். அன்று முதல் என் தாய்வழிச் சொந்தங்களின் உபயத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சேசு சபை என்னும் எல்ஃப்

பெரிய மாமா சேசு சபைக் குரு. அந்த இனத்தார் எங்கும் இருப்பார்கள், எல்லா மொழியும் பேசுவார்கள், எதையும் ஏற்கெனவே படித்திருப்பார்கள், வயது மட்டும் தெரியாது. எதைக் கேட்டாலும் பதில் வராது. இன்னும் நல்ல கேள்வி ஒன்று வரும்.

ஒருமுறை சாப்பாட்டில் அம்மா, "அண்ணே, சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரின்னா எத வச்சு சொல்றே ஆரோக்கியம்?" என்றார் மாமா.

அம்மா உப்பு டப்பாவை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்ஃபுகள் மனிதர்களை வெறுப்பதில்லை. பரிவோடு பார்ப்பார்கள், அந்தப் பரிவுதான் தாங்காது. நான் பி.காம். சேர்ந்திருப்பதைச் சொன்ன அன்று மாமா என் தோளில் தட்டி, "அதுக்கும் ஆள் வேணும்தானே," என்றார். இன்றைக்கும் கணக்குப் பாடப் புத்தகத்தைப் பார்த்தால் தோள் வலிக்கிறது.

கப்புச்சின் என்னும் குள்ளர்

சின்ன மாமா கப்புச்சின் துறவி. பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு, முதுகில் தொங்கும் முக்காட்டுத் தொப்பி, நெஞ்சு வரை தாடி. ஆள் ஆறடி. இருந்தாலும் இனம் குள்ளர்தான். இனத்தை உயரத்தை வைத்து முடிவு செய்வதில்லை, பந்தியில் உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். தனக்கென்று எதுவும் கிடையாது. அடுத்தவர் இலையில் இருப்பதும் ஆண்டவருடையதுதான் என்ற நம்பிக்கை உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அங்கி போட்டிருந்தால் அம்மா தன் தம்பியைச் "சாமி" என்பாள், வாசலில் எழுந்து நிற்பாள். அங்கியைக் கொடியில் போட்டுவிட்டுக் கைலியோடு வந்தால் "டேய்". அவர் அங்கியைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே பந்தியில் உட்கார்ந்தால்தான் அம்மாவுக்குத் திண்டாட்டம். "சாமி, ரசம் போட்டுக்கறீங்களா? டேய், அந்த மீன் துண்டு புள்ளைக்கு வச்சிருக்கேன், கைய எடு."

பூதமும் மற்றவர்களும்

சித்தியின் சபை பள்ளிக்கூடம் நடத்துகிறது. சபையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மகள் அங்கேதான் படிக்கிறாள். அந்த இனம் புதையல் காக்கும் பூதம். என்ன புதையல் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இடுப்பில் சாவிக்கொத்து இருக்கும். சித்தி வீட்டுக்கு வந்தால் நாங்கள் உயர வரிசையில் நிற்போம். அவர் சொல்வதில்லை, கால் தானாகப் போய் நின்றுவிடும். போகும்போது அம்மாவின் பீரோவை ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டுப் போவார். அதன் பிறகு ஒரு வாரம் அம்மா தன் ரவிக்கைகளைத் தேடிக்கொண்டிருப்பாள்.

டொமினிக்கன் சபை என்று ஒன்று உண்டு. எங்கள் பக்கம் அவர்கள் கோயில் தூணில் இருக்கும் யாளி போல. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நேரில் பார்த்தவரைக் காணோம். எந்தச் சபையிலும் சேராத பங்குச் சாமியார்கள் மட்டும்தான் சாதாரண மனிதர்கள். பைக், சர்க்கரை வியாதி, திருவிழாக் கமிட்டியோடு தகராறு எல்லாம் அவர்களுக்கு உண்டு. கடைசிக் காட்சியில் ஊரைக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். சுவரொட்டியில் படம் வராது.

இத்தனை இனம் ஒரே வீட்டிலிருந்து எப்படிப் போனது என்று கேட்கலாம். இறையழைத்தல் ஞாயிறு என்று ஒன்று வரும். அன்றைக்குக் கோயில் வாசலில் ஒவ்வொரு சபையும் மேசை போட்டு, படம் காட்டி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளை பிடிக்கும். ஒரே சபைக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தாத்தா பிரித்துப் பிரித்துக் கொடுத்தாராம். நானும் ஒரு முகாமுக்குப் போயிருக்கிறேன். இரண்டு வேளையும் பிரியாணி. மூன்றாவது வேளை உப்புமா போட்டார்கள், எனக்கு அழைத்தல் இல்லை என்று தெளிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கும் அழைத்தல் இருந்தது. தகரப் பெட்டிகூட வாங்கியாயிற்று. பெரியம்மா மூத்தவர் என்பதால் முதலில் கிளம்பினார். அவர் போன பிறகு தாத்தா அம்மாவைக் கூப்பிட்டு, ஒருத்தியாவது வீட்டில் இருக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெட்டியில்தான் எங்கள் வீட்டில் உளுந்து இருக்கிறது.

உருவமற்ற இனம்

பெரியம்மா போனது கார்மேல் மடத்துக்கு. அடைபட்ட மடம். உள்ளே போனால் போனதுதான். செபம், வேலை, மௌனம், மறுபடி செபம். வெளியே வருவது ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுப் போடவும் மட்டும். எங்கள் ஊரிலிருந்து மடம் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். மாதம் ஒருமுறை கிராதி வழியாகப் பார்க்கலாம். செபமாலை என்று ஞானஸ்நானப் பெயர் கொண்ட அக்காவுக்கு மடத்தில் வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அம்மாவின் வாயில் இன்றுவரை நுழையவே இல்லை.

என் வசனத்தில் இந்த இனத்துக்கு எதிரொலி சேர்ப்பார்கள். வேலை சுலபம், ஒரே வசனம்தான்: எனக்கு எதுவும் வேண்டாம்.

சிறு வயதில் அம்மாவோடு போய் உட்கார்ந்திருப்பேன். அம்மா மாதம் முழுக்கச் சேர்த்துவைத்ததைக் கொட்டுவாள்.

"பயிருக்கு ஆனைக்கொம்பன் விழுந்துட்டுது அக்கா."

"செபம் பண்றேன்."

"பம்புசெட்டுத் தொட்டி வெடிச்சிருக்கு."

"செபம் பண்றேன்."

அம்மா தலையாட்டிக்கொள்வாள். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். செபத்துக்குப் பூச்சி சாவதாக இருந்தால் டெல்டாவில் மருந்துக் கடை எதற்கு?

மூன்று கையெழுத்து

எல்ஃப், குள்ளர், பூதம் மூவரையும் ஒரே நாளில் பதிவு அலுவலகத்தில் கூட்டியது என் வாழ்நாள் சாதனை. மாயாஜாலத் தொடரில் இந்த மாதிரிக் கூட்டணி அமைய முழு அத்தியாயம் ஆகும்.

பெரிய மாமா பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். "வடக்கெல்லை குடமுருட்டின்னு போட்டிருக்கு. ஆறு தெற்கேயில்ல ஓடுது?" என்றார். பத்திர எழுத்தர் ஆற்றை நகர்த்தி மறுபடி தட்டச்சு செய்து கொண்டுவந்தார். சின்ன மாமா ஒரு வரிகூடப் படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டீக்கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சித்தி காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் வரிசையாகிவிட்டது. தரகர்கள்கூட வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி ஒவ்வொருவரிடமும் சம்மதம்தானே என்று கேட்டார். அதைக் கேட்க வேண்டும் என்பது முறை. பெரிய மாமா சம்மதம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். சித்தி முறைத்ததும், "ஆமா," என்று முடித்துக்கொண்டார்.

பெரியம்மாவை மட்டும் கொண்டுவர முடியாது. வர முடியாதவர்களிடம் அதிகாரியே நேரில் போய்ப் பதிவு செய்ய வழி இருக்கிறது. நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் இந்தத் தொடர் இன்னும் நாலு வாரம் நீளும். எப்படியோ, அவர் வந்தார், கருவி வந்தது, வயர் எட்டவில்லை.

கேட்டதற்குப் பதில்

கிராதியில் காகிதம் கொடுத்து வாங்க ஒரு சின்னக் கதவு உண்டு என்றார் மடத்துத் தலைவி. பூட்டியிருக்கிறது, சாவியைத் தேட ஒரு சிஸ்டர் போயிருக்கிறார். சும்மா இருப்பானேன் என்று அதிகாரி தன் கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, நீங்க மனசார சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்குறீங்க? யாரும் வற்புறுத்தலையே?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நாளெல்லாம் அதைக் கேட்கிறவர்.

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். முதலில் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனசைச் சோதித்துப் பார்ப்பது போல, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. ஊரெல்லாம் அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும். கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் கிராதிக்குள் உட்கார்ந்திருப்பார் என்று பதிவுத் துறை எதிர்பார்க்கவில்லை.

"இல்லீங்க," என்றார் பெரியம்மா.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கையெழுத்துப் போடச் சொன்னா போடுறேங்க. போடத்தான் வந்து உக்காந்திருக்கேன். மனசார சம்மதமான்னு கேட்டீங்க. அது இல்லீங்க. பொய் சொல்லக் கூடாதில்ல."

மடத்துத் தலைவி மெதுவாக இருமினார். நான் குறுக்கே புகுந்தேன்.

"பெரியம்மா, அது சும்மா கேக்குறதுதான். ஆமான்னு சொல்லிடுங்க போதும்."

"சும்மாங்களா?" என்று பெரியம்மா அதிகாரியைக் கேட்டார்.

"சும்மா இல்லீங்கம்மா. சட்டப்படி கேக்கணும்," என்றார் அவர். உதவியாளர் பக்கத்தில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்?

அம்மா நாற்காலியைக் கிராதிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "அக்கா. உனக்கு எதுக்கு அந்த வீடு?"

"எதுக்கும் இல்ல."

"அப்புறம்?"

பெரியம்மா கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "விடியக்கால மணி அடிக்கும்ல. செபத்துக்குப் போறதுக்கு முன்ன நம்ம கொல்லையில ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். மனசுலதான். கிணத்தடி, வேலிப் படல், வாய்க்காலத் தாண்டி வரப்பு வரைக்கும். அப்புறந்தான் எனக்குச் செபமே வரும். எழுதிக் குடுத்துட்டா அது அடுத்தவங்க கொல்லை ஆயிடும். அடுத்தவங்க கொல்லையில எப்படி நடக்கறது?"

"அடுத்தவங்களா? யாரு, நானா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ மனசுல நடந்த. நான் கால்ல நடந்தேன் அக்கா," என்றாள் அம்மா. "கொல்லையில பாம்பு வந்தா நான்தான் அடிச்சேன். அப்பா படுக்கையில கெடந்தப்ப நான்தான் அள்ளிப் போட்டேன். எனக்கும்தான் பொட்டி வாங்கி வச்சிருந்தாங்க. உங்க நாலு பேருக்கும் சபை இருக்கு. எங்க போனாலும் ஒரு ரூம்பு, ஒரு கட்டில், சோத்துக்கு மணி. எனக்கு என்ன இருக்கு? எங்க வீட்டுக்காரர் வீடு அவங்க அண்ணன் பேருல. இது அப்பா பேருல. யாரு கேட்டாலும் நான் வீட்டப் பாத்துக்கறவ. என் பேரு மட்டும் போட்டு எனக்குன்னு ஒரு எடம் இருக்கக் கூடாதா?"

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு நிலம் வேண்டும், அதனால் பத்திரம் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சார்பதிவாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா அழுதார். உள்ளே ஒருவர் அழுதால் இந்தப் பக்கத்திலிருந்து கை எட்டாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"இருக்கணும்," என்றார். "உனக்கு இருக்கணும்தான். குடுங்க, போடுறேன்."

சாவி வந்தது. சின்னக் கதவு திறந்தது. உதவியாளர் பத்திரத்தை உள்ளே நீட்டப் போனார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் சார்."

"என்னம்மா நீ?" என்றேன். "எவ்ளோ அலைஞ்சிருக்கேன்..."

"நீ சும்மா இரு. சார், அவ மனசாரப் போடல. அவ பங்கு அவகிட்டயே இருக்கட்டும்." பட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இத வாங்கிக்கிட்டுப் போயி, செத்தப்புறம் நான் உத்தரிக்கிற ஸ்தலத்துல நிக்கணுமா? கொல்லையில நடக்க விடலன்னு இவ அங்கயும் வந்து சொல்லுவா."

அதிகாரி மளமளவென்று கருவியைப் பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவு வேகமாக ஓர் அரசாங்க அதிகாரி வேலை செய்து நான் பார்த்ததில்லை. சின்னக் கதவு திறந்தே இருந்தது. அம்மா அதற்குள் கையை விட்டு அக்காவின் கன்னத்தைத் துடைத்தாள். மடத்துத் தலைவி சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெறும் சுண்ணாம்புதான் இருந்தது.

கூட்டுப் பட்டா

பட்டா இரண்டு பேர் பெயரில் வந்தது. செபமாலை, ஆரோக்கியம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "வரப்புல கால் வைக்காதவ பேரு முன்னாடி. சரி, மூத்தவதானே," என்றாள்.

சின்ன மாமா புது அரிசிச் சாப்பாடு எப்போது என்று கேட்டார். துறவி ஒருவர் பட்டாதாரராக இருக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டா என்று பெரிய மாமா ஆராய்ந்துகொண்டிருக்கிறார். இன்னும் முடிவு வரவில்லை. எல்ஃபுகளுக்கு ஆயுசு அதிகம், அவசரம் இல்லை.

உருவமற்ற இனத்துக்குத்தான் என்னால் பழைய வசனத்தை எழுத முடியவில்லை. போன மாதம் அம்மாவும் நானும் புது அரிசி மூட்டையோடு மடத்துக்குப் போனோம். பெரியம்மா வந்து உட்கார்ந்தார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"மேட்டூர்ல எவ்ளோ தண்ணி நிக்குது?"

"இருக்கு அக்கா, போதும்."

"இந்தத் தடவ நடவா, நேரடி விதைப்பா?"

"நேரடிதான். ஆள் கெடைக்கல."

"நேரடி விதைச்சா களை மண்டிப்போவும். நடவு போடு."

"ஆள் கெடைக்கலங்கறேன்."

"தேடு. கெடைப்பாங்க." பெரியம்மா அரிசி மூட்டையைப் பார்த்தார். "போன தடவ குடுத்தியே, சோறு வெறைக்குது. சிஸ்டருங்கல்லாம் சொல்றாங்க. பொன்னி போட்டா என்ன?"

"மழைக்குச் சாஞ்சிடும்."

"சாயாமப் பாத்துக்க. வடக்கு வரப்புல தென்னம்புள்ள வைக்கச் சொன்னேனே, வச்சியா?"

அம்மா வாயைத் திறந்தாள். உள்ளே மணி அடித்தது. பெரியம்மா எழுந்து போனார். செபம் பண்றேன் என்று சொல்ல மறந்தே போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள். "ஒரு நாள் சேத்துல கால் வச்சிருப்பாளா? களை மண்டுமாம். எனக்குத் தெரியாதா களை மண்டும்னு? உக்காந்த எடத்துலேந்து அதிகாரம் பண்றா. பெரிய மிராசுதாரு."

அந்த பஸ்ஸில் எத்தனையோ வருடங்களாகத் திரும்பியிருக்கிறோம். அம்மா தன் அக்காவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. மடத்தில் இருக்கும் கன்னியாஸ்திரியை யார் குறை சொல்வார்கள்? கூடப் பிறந்தவளாக இருந்தால்தான் சொல்லலாம். பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரிக்கும் அளவுக்குத் திட்டினாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஊர் வந்து இறங்கினோம். வீட்டுப் பக்கம் நடக்காமல் அம்மா நிறுத்தத்திலேயே நின்றாள்.

"நாளைக்குப் பேராவூரணி போயி நல்ல நெட்டைப் புள்ளையாப் பாத்து ரெண்டு வாங்கிட்டு வா," என்றாள். "வடக்கு வரப்புக்கு."